பார்ப்பதும் சேவிப்பதும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



இக்காலத்தில் க்ஷேத்ராடனமும் சுற்றுலாவும் ஒரே பேருந்தில் ஏறிச் செல்கின்றன. விடியற்காலையில் ஒரு திவ்யதேசம், நண்பகலில் ஓர் அணைக்கட்டு, மாலையில் கடற்கரை என்று பயணத்தை வகுத்துக்கொள்கிறார்கள். இதில் குற்றம் ஏதுமில்லை. குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகப் புறப்படும்போது பாட்டனாரின் விருப்பமும் பேரனின் விருப்பமும் நிறைவேற வேண்டுமன்றோ? ஆயினும் அத்தகைய பயணங்களில் ஓரிடத்தில் மட்டும் இவ்விரண்டும் கலந்து, எது க்ஷேத்ரம், எது சுற்றுலா என்று பிரித்தறிய முடியாமற் போகிறது. அவ்விடம் மாமல்லபுரம்.

யாத்திரை சென்று திரும்பிய பெரியவர் ஒருவர் அடியேனிடம் கேட்டார்: "ஸ்வாமி, அங்கே பாறையில் வராஹப் பெருமாள் இருக்கிறார்; அனந்தசயனம் இருக்கிறது; திரிவிக்கிரமர் இருக்கிறார். ஆனால் விளக்கு இல்லை, தீர்த்தம் இல்லை, சடாரி இல்லை. அங்கே கை கூப்பலாமா? செருப்போடு நின்று பார்த்தால் அபசாரமா?" உடனிருந்த அவருடைய பேரன், "அது மியூசியம் மாதிரிதானே, தாத்தா? பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே!" என்றான். பாட்டனாரின் கேள்வியும் நியாயமானது. பேரனின் மறுமொழியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பூஜை இல்லாத இடத்திலுள்ள திருவுருவத்திற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா என்பதே இதில் அடங்கிய விஷயம். இதைச் சற்று விசாரிப்போம்.

நம் ஊரைத் தொட்டுக்கொண்டு செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையே வடக்கே நெடுந்தூரம் சென்று மாமல்லபுரத்தையும் அடைகிறது. சென்னைக்குத் தெற்கே சற்றேறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், கடலை அடுத்த ஒரு சிறு குன்றையும் அதைச் சுற்றியுள்ள பாறைகளையும் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் பல்லவ மன்னர்கள் சிற்பமயமாக்கினார்கள். குகை மண்டபங்கள், ஒற்றைக்கல் ரதங்கள், கடற்கரைக் கோயில் ஆகியவை வானமே கூரையாக விளங்கும் ஒரு பெரிய சிற்பப் பூங்காவாக இன்று காட்சியளிக்கின்றன. 1984ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நம் பாரதப் பிரதமரும் சீன நாட்டு அதிபரும் இங்கே சந்தித்து இச்சிற்பங்களைப் பார்வையிட்டதை அன்பர்கள் அறிவார்கள்.

அங்கே அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறை 90 அடிக்கு மேல் நீளமும் 40 அடிக்கு மேல் உயரமும் கொண்டது. பகீரதன் கங்கையைக் கொணர்ந்த வரலாறு என்று சிலரும், அர்ச்சுனன் பாசுபதம் பெற்ற வரலாறு என்று சிலரும் கூறுவர். பாறையின் நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் மேலெழுகிறார்கள்; இருபுறமும் தேவர்களும், முனிவர்களும், வேடர்களும், யானைகளும், மான்களும் அப்பிளவை நோக்கி நிற்கிறார்கள். ஐந்து ரதங்களின் அருகே ஒரு கல்யானை நிற்கிறது. வராஹ மண்டபத்தில் பூமிப்பிராட்டியை ஏந்திய வராஹரும் உலகளந்த பெருமாளும் எழுந்தருளியிருக்கின்றனர். மஹிஷமர்த்தினி மண்டபத்தில் ஒருபுறம் துர்க்கை அசுரனோடு போர் புரிய, மறுபுறம் எம்பெருமான் அரவணையில் துயில்கிறான். கடற்கரைக் கோயிலில் இரு சிவ ஸந்நிதிகளுக்கு இடையே, அங்கிருந்த இயற்கைப் பாறையிலேயே வடித்த பள்ளிகொண்ட பெருமாளைக் காணலாம். இவற்றில் எதற்கும் இன்று நித்ய பூஜை கிடையாது.

இவ்வளவும் காட்சிப் பொருள்களாக இருக்க, அர்ச்சுனன் தபசுப் பாறைக்குக் கூப்பிடு தூரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் ஸந்நிதி இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்றான திருக்கடல்மல்லை அதுவே. திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய தலம். பூதத்தாழ்வார் திருவவதாரம் செய்த பூமி. அங்கே காலந்தோறும் திருவாராதனம் நடக்கிறது. மேலும் விசேஷம் ஒன்று உண்டு. அதே குன்றின் மேற்புறத்தில் ஆதிவராஹப் பெருமாள் குகை இருக்கிறது. அதுவும் பல்லவர் குடைவித்ததே. அங்கு எழுந்தருளியிருப்பவரும் பூவராஹரே. அங்கே வழிபாடு உண்டு. குன்றின் இப்புறத்து வராஹ மண்டபத்தில் வழிபாடு இல்லை. கல் ஒன்று, காலம் ஏறக்குறைய ஒன்று, மூர்த்தியும் ஒன்று. பின் எதனால் ஒன்று ஸந்நிதியாயிற்று, மற்றொன்று காட்சியாயிற்று?

ஆகமங்களைப் பயின்றோர் இதற்கு விடை கூறுவர். சிற்பி வடித்த மாத்திரத்தில் ஒரு கல் அர்ச்சாமூர்த்தி ஆவதில்லை. இதை மாமல்லபுரத்துத் தெருக்களிலேயே காணலாம். 1957ஆம் ஆண்டில் அங்கே அரசினர் சிற்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றும் அவ்வூரில் உளியோசை ஓய்வதில்லை. உருவாகி முடிந்த பெருமாள் திருமேனிகள் பட்டறை வாசலில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றை யாரும் வலம் வருவதில்லை. அத்தகைய திருமேனி ஒரு கோயிலுக்குச் சென்று ஜலாதிவாஸம், தான்யாதிவாஸம், சயனாதிவாஸம் முதலியன கண்டு, நயனோந்மீலனமாகிக் கண் திறந்து, கும்பத்தில் ஆவாஹனம் செய்யப்பட்ட எம்பெருமான் மந்திர பூர்வமாக அதில் எழுந்தருளிய பிறகே அது அர்ச்சாவதாரமாகிறது. அதோடும் முடிந்துவிடுவதில்லை. பிரதிஷ்டை ஒரு நாளில் நடப்பது. ஆராதனம் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டியது. நெடுங்காலம் அது நின்றுபோனால் மீண்டும் ஸம்ப்ரோக்ஷணம் செய்யும்படி சாஸ்திரம் விதிக்கிறது.

இப்படிச் சொன்னதும் பேரப்பிள்ளையின் கட்சி வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆவாஹனம் இல்லை, ஆராதனம் இல்லை. எனவே வெறும் கல், அதை எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று முடிவு கட்டத் தோன்றும். அம்முடிவு தவறு என்பதற்கு ஆகமத்திலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. கோயிலில் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்கிறோம். மூலவரிடமுள்ள ஸாந்நித்யத்தைக் கலாகர்ஷணத்தால் வேறொரு பிம்பத்திற்கோ சித்திரத்திற்கோ கும்பத்திற்கோ மாற்றி, அங்கே ஆராதனம் நடத்துகிறோம். திருப்பணி முடியும் வரையில் கர்ப்பக்ருஹத்தில் மூலவர் திருமேனி விளக்கின்றி, நிவேதனமின்றி நிற்கும். அப்போது கொத்தனாரும் உள்ளே போகிறார், தச்சரும் போகிறார். "இப்போது இங்கே பெருமாள் இல்லை" என்று சொல்லி அவர்களில் எவரேனும் அத்திருமேனியின் தோளில் ஏறி நிற்பாரா? அதன்மேல் தம் பெயரைக் கீறுவாரா? எவரும் செய்யார். ஆவாஹனம் இல்லாத வேளையிலும் அத்திருமேனிக்குரிய மரியாதை அகல்வதில்லை என்பதை எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் உணர்ந்திருக்கிறார்.

மரியாதை என்பது பூஜைக்கு மட்டும் உரியதன்று. கோட்டைப்பட்டினத்துக் கடற்கரை மக்களுக்கு இதை அடியேன் விளக்க வேண்டியதில்லை. தாம் தொழாத தர்காவைக் கடந்து செல்லும்போதும் குரலைத் தாழ்த்துகிறவர்கள் இங்கே உண்டு. நம் உத்ஸவர் வீதியில் எழுந்தருளும்போது நம் ஸம்ப்ரதாயத்தைச் சேராதவர்களும் வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருக்கிறார்கள். தம் தெய்வம் அன்று என்று தெரிந்தும், ஒருவர் மனத்தை ஒப்புக்கொடுத்த பொருள் என்று அறிந்து ஒதுங்கி நிற்பது மனிதப் பண்பு. பிறர் தெய்வத்திற்கே அது உரியது என்றால், நம் முன்னோர் நம் பெருமாளை நினைந்து வடித்த திருவுருவத்திற்கு அது இல்லாமற் போகுமா?

அடியேன் மாமல்லபுரம் சென்றிருந்தபோது கண்ட காட்சி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஐந்து ரதங்களின் அருகே ஒரு குடும்பத்தார் கல்யானையின் மேல் குழந்தையை ஏற்றி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். காவலர் ஊதல் ஊதியதும் இறக்கிவிட்டார்கள். சற்று நேரத்தில் வேறொரு மூதாட்டி, மண்டபத்துச் சிற்பம் ஒன்றின் திருவடியில் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்ற முற்பட்டார். காவலர் அவரையும் தடுத்தார். "ஸ்வாமிக்குக் கற்பூரம் காட்டக்கூடவா தடை?" என்று அம்மூதாட்டி வருந்தினார். அவ்வருத்தம் உண்மையானது. குழந்தையை ஏற்றியவர்களையும் அந்த அம்மையாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க அடியேனுக்கு மனம் இல்லை. ஆயினும் இரண்டு செயல்களாலும் கல்லுக்கு விளைவது கேடுதான். குழந்தைகளின் காலணி தேய்த்துத் தேய்த்து விளிம்புகளை மழுக்குகிறது. எண்ணெயும் கரியும் கல்லின் நுண்துளைகளில் ஊறி நிரந்தரக் கறையாகின்றன. பழைய சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தில் 2010ஆம் ஆண்டில் திருத்தம் செய்து, அவற்றைச் சிதைப்பவர்களுக்கு ஈராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்திருக்கிறார்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தர்மமும் அதையேதான் சொல்கிறது. ஆராதனம் என்பது ஒரு நாள் ஆசையன்று. அது ஒரு விரதம். தொடங்கினால் நிறுத்தலாகாது. அதற்கு அர்ச்சகர் வேண்டும், பரிசாரகர் வேண்டும், நிவேதனத்திற்கு நெல் வேண்டும், இவற்றையெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும் ஊர் வேண்டும். விருந்தினரை வாசலில் நின்று அழைத்து, இலை போட்டு அமரவைத்துவிட்டு, நாம் பேருந்தேறிப் போய்விட்டால் அது உபசாரம் ஆகுமா? ஒரு நிமிஷம் கற்பூரம் காட்டிவிட்டுப் போவதும் அத்தகையதே. பக்தியின் வேகத்தில் செய்தாலும், அடுத்த நாள் யார் விளக்கேற்றுவார் என்று எண்ணாத செயல் ஆராதனமாகாது.

அப்படியானால் அங்கே செய்யத்தக்கது யாது? கண்ணால் காண்பது ஒன்றுதான். "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றம் கொள்ள வேண்டாம். நம் வைஷ்ணவ பரிபாஷையில் காண்பதற்கு என்ன பெயர்? சேவித்தல். "பெருமாளைப் பார்த்தாயா?" என்று நாம் கேட்பதில்லை, "சேவை ஆயிற்றா?" என்றே கேட்கிறோம். விச்வரூப சேவை, கருட சேவை என்பன போன்ற சொற்களில் சேவை என்றால் காட்சி. அதே ஸம்ஸ்க்ருதச் சொல்லுக்குப் பணி செய்தல், அருகிருந்து பேணுதல் என்றும் பொருள். காண்பதையும் பணி செய்வதையும் ஒரே சொல்லில் பிணைத்தார்கள் நம் பெரியோர். தமிழும் இதற்கு வேறுபட்டதன்று. "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்கிறோம், வேலை பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம். பார்த்தல் என்ற சொல்லிலேயே பாதுகாத்தலும் பொறுப்பும் உள்ளன. சுற்றுலாவில் நாம் கைவிடுவது இப்பொறுப்பைத்தான். காட்சியை எடுத்துக்கொண்டு கடமையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். பொறுப்போடு கூடிய பார்வை எங்கே இருக்கிறதோ, அங்கே விளக்கும் தீர்த்தமும் இல்லாவிட்டாலும் அது ஒருவகைச் சேவையே.

நம் மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. திருமெய்யத்தில் குன்றைக் குடைந்த குகையில் எம்பெருமான் பெரிய திருமேனியோடு பள்ளிகொண்டிருக்கிறான். பின்சுவரில் தேவர்களும் முனிவர்களும் சூழ்ந்திருக்கிறார்கள். அது ஆழ்வார் பாடிய திவ்யதேசம். தீபம் எரிகிறது, தீர்த்தம் கிடைக்கிறது. நார்த்தாமலைக்குச் சென்றால், விஜயாலய சோளீச்வரத்திற்கு எதிரே பதினெண்பூமி விண்ணகரம் என்ற குகையில் பன்னிரண்டு விஷ்ணு திருவுருவங்கள் சங்கு சக்கரங்களோடு ஒன்றுபோல் நிற்கின்றன. அங்கே நித்ய ஆராதனம் இல்லை. திருமெய்யத்துப் பெருமாளுக்குச் சேவார்த்திகள் உண்டு. நார்த்தாமலைப் பெருமாள்களுக்கு வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமே. அங்கே சென்று சற்று நேரம் நின்று, ஒரு கீறலும் இடாமல், ஒரு குப்பையும் போடாமல் திரும்புகிறவரே அன்று அவர்களுக்குக் கிடைத்த கைங்கர்யபரர் என்று அடியேன் கருதுகிறேன்.

இங்கே வேறோர் ஐயம் எழலாம். மாமல்லபுரத்துச் சிற்பங்களில் பல முற்றுப்பெறாதவை. ரதங்களில்கூடச் சில பகுதிகள் உளி பட்ட நிலையிலேயே நின்றுவிட்டன. பிரதிஷ்டையும் காணாமல், வேலையும் முடியாமல் நின்ற அந்தச் சிற்பிகளின் உழைப்பு வீண்தானா? இதற்கு விடை அதே ஊர்த் தலவரலாற்றில் இருக்கிறது. புண்டரீக மஹரிஷி தாமரை மலர்களைத் திருப்பாற்கடல் நாதனுக்குச் சமர்ப்பிக்க விரும்பினார். கடல் குறுக்கே நின்றது. தம் கைகளாலேயே கடல்நீரை இறைத்து வழி உண்டாக்கத் துணிந்தார். முதியவர் வடிவில் வந்த எம்பெருமான், "இது நடக்கிற காரியமா?" என்று கேட்டுவிட்டுப் பசிக்கு அன்னம் வேண்டினான். முனிவர் அன்னம் கொண்டுவரச் சென்று திரும்புவதற்குள், அம்மலர்களை அணிந்து, ஆதிசேஷனும் இன்றி வெறுந்தரையில் சயனித்துக் காட்சி தந்தான். அதனாலேயே அவனுக்கு ஸ்தலசயனன் என்று திருநாமம்.

கடல் வற்றவில்லை, வேலை முடியவில்லை, ஆயினும் கைங்கர்யம் நிறைவேறியது. எம்பெருமான் முடிவை எண்ணாமல் முயற்சியை ஏற்றுக்கொண்டான். கடலை இறைத்த முனிவருக்கு அருள் செய்தவன், அதே கடலோரத்தில் கல்லைக் குடைந்து பாதியில் நின்ற சிற்பியின் உளியையும் அங்கீகரித்திருப்பான் என்று நம்புவதற்கு நமக்கு நியாயம் இருக்கிறது. அவன் ஏற்றுக்கொண்ட பணியை நாம் இகழ்ந்து மிதிப்பது எவ்வாறு பொருந்தும்?

கடலோரத்தில் இன்னும் ஒரு கைங்கர்யம் நடக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. உப்புக்காற்று கல்லைத் தின்கிறது. கடற்கரைக் கோயிலின் சிற்பங்களில் பல முகங்கள் காற்றாலும் உப்பாலும் கரைந்துபோயின. காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் வளர்த்தார்கள். அலையைத் தடுக்கக் கற்களை அடுக்கினார்கள். தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் நனைத்துக் கல்லின்மேல் அப்புகிறார்கள். அது உலரும்போது கல்லினுள் இறங்கிய உப்பை வெளியே இழுத்துக்கொள்கிறது. பிறகு அதை உரித்து எடுத்துவிட்டு மறுபடியும் அப்புகிறார்கள். செய்கிறவர் எம்மதத்தவரோ, எந்த நம்பிக்கையினரோ அறியோம்; அவர் மந்திரம் சொல்வதில்லை. ஆனால் திருமஞ்சனத்தின்போது திருமேனியை நோகாமல் ஒற்றி எடுக்கும் அர்ச்சகனின் கைக்கும் அந்தக் கைக்கும் பெரிய வேற்றுமை அடியேனுக்குத் தோன்றவில்லை.

ஆகவே அங்கே செல்லும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் ஸ்தலசயனப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பிறகு சிற்பங்களைக் காணச் செல்லுங்கள். கை கூப்ப மனம் எழுந்தால் தாராளமாகக் கூப்புங்கள். எம்பெருமான் அந்தர்யாமியாய் எங்கும் நிறைந்தவன், உங்கள் அஞ்ஜலி வீண்போகாது. செருப்போடு நிற்பது அபசாரமா என்று பெரியவர் கேட்டார். சுடுமணலும் வெறும்பாறையும் நிறைந்த திறந்தவெளியில் வயதானவர்கள் செருப்பு அணிந்து நடப்பதில் தோஷமில்லை. மண்டபத்துத் திருவுருவத்தின் எதிரே நிற்கும்போது இயன்றவர்கள் கழற்றிவிடுவது அழகு. தொடாதீர்கள், ஏறாதீர்கள், எண்ணெயும் குங்குமமும் இடாதீர்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு முறை கண்ணால் முழுதும் பாருங்கள். குழந்தைகளிடம், "இவர்தான் வராஹர், இவர் ஏந்தியிருப்பது பூமிப்பிராட்டி" என்று கதையைச் சொல்லுங்கள். கதை தெரிந்த குழந்தை கல்லின்மேல் ஏறாது.

அர்ச்சுனன் தபசுப் பாறையில் இரண்டு உருவங்களைத் தேடிப் பாருங்கள். பிளவின் ஓரத்தில், கீழ்ப்புறத்தில் ஒரு சிறு கோயில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதனுள்ளே திருமால் நிற்க, வாசலில் வயது முதிர்ந்த ஒரு முனிவர் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். வேறோரிடத்தில் ஒரு பூனை, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்வதுபோல் நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள் இருக்கின்றன. பூனை வைத்திருக்கும் கையும் தவக்கைதான். கருத்து மட்டும் எலியிடம். ஸந்நிதியிலேயே நின்றாலும் மனம் வேறிடத்தில் இருந்தால் நம் கூப்பிய கை அந்தப் பூனையின் கையாகிவிடும். காட்சிப் பாறையின் முன்னே நின்றாலும் மனம் ஒன்றினால், அந்த முதிய முனிவரின் பக்கத்தில் நமக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

இந்தப் பழக்கத்தை நம் கோயிலுக்கும் கொண்டு வாருங்கள். இத்திருவிழாவின் நெரிசலில் கருவறை முன் ஒரு நொடிதான் கிடைக்கிறது என்று குறைப்படுகிறோம். வெளிமண்டபத்துத் தூண்களில் எம்பெருமானுடைய அவதாரங்கள் நாள் முழுவதும் நமக்காகக் காத்து நிற்கின்றன. அவற்றில் முதுகைச் சாய்த்து அமர்கிறோம். விரலில் மீந்த குங்குமத்தையும் எண்ணெயையும் அங்கே துடைக்கிறோம். இம்முறை திரும்பும்போது ஒரு தூணின் முன்னாவது நின்று, அதிலிருப்பவர் யார் என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அதுவும் அன்றைய சேவையில் சேரும்.

சுபம்.